நடுங்காத வீடு

நகைக் கடையில் பழைய சங்கிலியை எடை போடக் கொடுத்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கலாம். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கடைக்காரர் சங்கிலியைத் தட்டில் வைப்பார். "அந்த விசிறியைக் கொஞ்சம் நிறுத்தப்பா" என்று பையனிடம் சொல்வார். கண்ணாடிக் கதவை மூடுவார். பிறகு, தம்மை அறியாமலே ஒரு கணம் மூச்சையும் நிறுத்திக்கொள்வார். சங்கிலிக்கு உடையவரும் நிறுத்திக்கொள்வார். அவர் நிறுத்துவதற்குக் காரணம் வேறு.

குன்றிமணி எடைப் பொன்னுக்கே இத்தனை சிரத்தை வேண்டியிருக்கிறது. அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத அணுவை நிறுத்துப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் புறப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? விசிறியை மட்டும் நிறுத்தினால் போதாது. தெருவை நிறுத்த வேண்டும். ரயிலை நிறுத்த வேண்டும். பூமியின் நடுக்கத்தையே நிறுத்த வேண்டும். இவையெல்லாம் மனிதனால் ஆகிற காரியங்கள் அல்ல. ஆகவே, அவன் வேறொன்று செய்தான்: தானே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கக்கூடிய ஒரு வீட்டைக் கட்டப் பார்த்தான். அந்த வீட்டின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். நம் விரல் நகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்தப் பாராவைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் பத்து இருபது நானோமீட்டர் வளர்ந்திருக்கும். அந்த அளவிலே நடக்கிற சங்கதிகளை ஆராய்வதற்காகத்தான் இன்று உலகத்துச் சர்வகலாசாலைகள் கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டிடங்கள் எழுப்புகின்றன. ஆனால் அந்தக் கட்டிடங்களின் அடிப்படை யோசனை புதியதல்ல. அதன் பழைய சாட்சி ஒன்று நம் சென்னையிலேயே நிற்கிறது.

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆராய்ச்சி நிலையத்து வளாகத்துக்குள்ளே ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. எடை 10 டன். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வானாராய்ச்சிக் கூடம் கட்டியபோது, நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவியை இந்தத் தூணின்மேல்தான் வைத்தார்கள். தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒரு சின்னத் தொலைநோக்கியைத் தாங்குவதற்குப் பத்து டன் கல் எதற்கு? பழைய வானாராய்ச்சிக்காரர்களின் விதி ஒன்று உண்டு: வீடு மனிதனுக்கு; தூண் கருவிக்கு. சுவர் வெயிலில் விரியும், காற்றில் அசையும். தளம் ஆள் நடந்தால் அதிரும். எனவே கருவி, வீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதற்குத் தனியாகப் பூமியில் ஒரு கால் வேண்டும். இன்றைக்குக் கோடிக் கணக்கில் கட்டுகிற நுண்ணளவு ஆராய்ச்சிக் கூடங்களில் முதல் விதியும் இதுதான்.

அதிர்ச்சி ஒரு விரோதி என்றால், இரும்பு மற்றொரு விரோதி. 1833-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் கணித மேதை காஸ், பூமியின் காந்த சக்தியை அளக்க ஒரு சிறு வீடு கட்டினார். அதில் ஓர் ஆணிகூட இரும்பில்லை. இரும்பு வர வேண்டிய இடத்திலெல்லாம் செம்பு வந்தது. காந்த ஊசி இரும்பைக் கண்டால் உண்மையை விட்டு அதன் பக்கம் சாய்ந்துவிடும். மனிதர்களில் சிலர் பணக்காரரைக் கண்டால் சாய்வது போலத்தான். ஊசியைத் திருத்த முடியாது என்று கண்ட காஸ், வீட்டைத் திருத்தினார்.

ஒரு சர்வகலாசாலை தன் செலவுத் திட்டத்திலும் கட்டிட வரைபடத்திலும் இந்த இரு விரோதிகளுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கியது கேம்பிரிட்ஜில். 1871-ல் அங்கே புதிதாக ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வந்தார். ஆராய்ச்சிசாலை கட்டப் பணம் கொடுத்தவர் டெவன்ஷயர் பிரபு. மாக்ஸ்வெல் பெரிய சூத்திரக்காரர். மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒரே குடும்பம் என்று கண்டு சொன்னவர். அப்படிப்பட்டவர் காகிதத்தை வைத்துவிட்டுக் கொத்தனார் வேலையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். மற்ற ஊர்களில் இருந்த ஆராய்ச்சிக் கூடங்களைப் போய்ப் பார்த்து வந்தார். 1874-ல் கவெண்டிஷ் ஆராய்ச்சிசாலை திறந்தது. தரைமட்டத்தில் காந்த அறை. அதிலே கட்டிடத்தின் அஸ்திவாரத்தோடு சேராமல் தனி அஸ்திவாரத்தில் நிற்கும் கல் மேடைகள். நுட்பமான வேலை கீழே, முரட்டு வேலை வேறிடத்தில் என்ற பாகுபாடும் அங்கே இருந்தது. ஆராய்ச்சிக் கட்டிடத்தை முகப்பிலிருந்து தொடங்கி வரையாமல், உள்ளே வைக்கப் போகிற கருவியிலிருந்து தொடங்கி வரைய வேண்டும் என்ற பாடம் அந்தக் கட்டிடத்தில் இருக்கிறது.

ஆனால் கேம்பிரிட்ஜ் அமைதியான ஊர். பெரிய பட்டணத்தில் அகப்பட்டுக்கொண்டவன் கதி என்ன? அதற்கு மைக்கெல்ஸனின் கதையைக் கேட்க வேண்டும்.

ஆல்பர்ட் மைக்கெல்ஸன் அமெரிக்கக் கடற்படையில் இருந்த இளைஞர். அந்தக் காலத்தில், ஒளி அலையைச் சுமந்து செல்ல ஆகாயமெங்கும் ஈதர் என்ற வஸ்து நிறைந்திருக்கிறது என்று பெரியவர்கள் நம்பினார்கள். அப்படியானால் பூமி அதற்குள் பாய்ந்து செல்லும்போது எதிர்காற்று வீச வேண்டுமே? அதைக் கண்டுபிடிக்க அவர் ஓர் உபாயம் செய்தார். ஒளிக் கதிர் ஒன்றை இரண்டாகப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அனுப்பி, திரும்பச் சேர்த்தார். சேரும் இடத்தில் வெளிச்சமும் இருளுமாக மெல்லிய வரிகள் தெரியும். ஈதர்க் காற்று இருந்தால், கருவியைத் திருப்பும்போது அந்த வரிகள் நகர வேண்டும்.

1881-ல் பெர்லினில் கருவியை நிறுத்திப் பார்த்தார். வரிகள் நிலைத்து நிற்கவில்லை. தெருவில் போகும் வண்டிகளின் அதிர்ச்சி அவற்றைக் கலைத்தது. இரவிலே பார்த்தார், அப்போதும் அதே கதை. பட்டணம் தூங்கினாலும் அதன் தரை தூங்கவில்லை! வேறு வழியின்றிக் கருவியைத் தூக்கிக்கொண்டு பாட்ஸ்டாம் வானாராய்ச்சிக் கூடத்து நிலவறைக்குப் போனார். அங்கேயும் சுமார் 100 மீட்டர் தூரத்தில் யாராவது நடைபாதையில் காலை ஓங்கி உதைத்தால், வரிகள் மறைந்துபோயின.

இந்த அனுபவம் அவரை விடவில்லை. 1887-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் மார்லி என்ற ரசாயனப் பேராசிரியரோடு சேர்ந்து மறுபடியும் முயன்றார். இம்முறை ஒன்றரை மீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் கனமும் உள்ள பாறைப் பலகை ஒன்றின்மேல் கருவியை அமைத்தார். அந்தப் பலகை ஒரு மர மிதவையின்மேல் இருந்தது. மிதவையோ பாதரசத் தொட்டியில் மிதந்தது. அதிர்ச்சியைப் பாதரசம் விழுங்கியது. கல்லை விரலால் தள்ளி மெதுவாகச் சுற்றவும் முடிந்தது. முடிவு உலகம் அறிந்தது. எதிர்பார்த்த நகர்வு வரவில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன் ஈதர் என்ற கற்பனையே தேவையில்லை என்று எழுதினார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. 'ஒன்றும் இல்லை' என்று சொல்லத்தான் அதிகமான அமைதி வேண்டியிருக்கிறது. ஒன்று இருக்கிறது என்று சொல்கிறவன் அதைக் காட்டிவிட்டுப் போகலாம். இல்லை என்று சொல்கிறவனோ, 'உன் தரை ஆடியதனால்தான் தெரியவில்லை' என்று பிறர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. மைக்கெல்ஸனின் 'இல்லை'யைத் தாங்கியது அந்தக் கல்லும் பாதரசமும்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பம்பாயில் கொலாபா என்ற இடத்தில் 1826-ல் ஏற்பட்ட வானாராய்ச்சிக் கூடத்தில், 1840-களிலிருந்து பூமியின் காந்த சக்தியை அளந்து குறித்து வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கணக்கு அது. இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் பம்பாய்க்கு மின்சார டிராம் வரப் போகிறது என்ற செய்தி வந்தது. ஊராருக்கு அது சந்தோஷ சமாசாரம். ஆராய்ச்சிக் கூடத்துத் தலைவருக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. டிராமை ஓட்டும் மின்சாரம் தண்டவாளத்தோடு நில்லாமல் மண்ணிலும் கசிந்து ஓடும். அது ஓடினால் காந்த ஊசி, பூமி சொல்வதை விட்டுவிட்டு டிராம் சொல்வதைக் கேட்கத் தொடங்கிவிடும்.

அப்போது தலைவராக இருந்தவர் நானாபாய் மூஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். டிராமை நிறுத்தும்படி அவர் சண்டைக்குப் போகவில்லை. கடலுக்கு அப்பால், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அலிபாகில் புதுக் கூடம் எழுப்பினார். காந்தத்துக்கு வசப்படாத போர்பந்தர்க் கல்லைக் கொண்டுவந்து கட்டினார்கள். இரும்புக்குப் பதிலாகப் பித்தளையும் செம்பும் போட்டார்கள். கட்டியதும் பழைய கூடத்தைப் பூட்டிவிடவில்லை. 1904-லிருந்து 1906 வரை இரண்டு வருஷம், கொலாபாவிலும் அலிபாகிலும் ஒரே சமயத்தில் அளந்தார்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தானே பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்க முடியும்? 1907-ல் பம்பாயில் மின்சார டிராம் ஓடியது. அதற்குள் ஊசி கடலைத் தாண்டிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த டிராம் 1964-ல் நின்றுபோய்விட்டது. அலிபாகின் கணக்கோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அலிபாகின் வழி அழகான வழி. ஊர் சத்தம் போடட்டும், நாம் ஒதுங்கிப் போவோம் என்கிற வழி. ரிஷிகள் காட்டுக்குப் போனதும் இப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் எல்லா ஆராய்ச்சிக்கும் இந்த வழி சரிப்படாது என்பதைப் பிற்பாடு கண்டார்கள்.

1981-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிக் நகரத்துக்கு அருகே ருஷ்லிகோன் என்ற ஊரில், ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பின்னிக், ரோரர் என்ற இருவர் தங்கள் துணைவர்களோடு ஒரு விசித்திரக் கருவியை அமைத்தார்கள். ஊசி முனை ஒன்றை ஒரு பொருளின் பரப்புக்கு மிக அருகே, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், தொடாமல் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு சிறு மின்சாரம் பாயும். இடைவெளி ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினால், மின்சாரம் ஏறக்குறையப் பத்து மடங்கு மாறிவிடும். ஆகவே ஊசியை நகர்த்திக்கொண்டே போனால், குருடன் விரலால் தடவிப் படிப்பது போல, அணு அணுவாகப் பரப்பைப் படித்துவிடலாம். இதற்காக 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் முதல் நாட்களில் அவர்கள் பட்ட பாடு மைக்கெல்ஸன் பட்ட பாடுதான். கனமான கல் மேடை, அதற்கு அடியில் காற்றடைத்த ரப்பர்க் குழாய்கள், காந்தங்களும் கடுங்குளிரில் வைத்த ஈயக் கிண்ணமும் சேர்ந்து அந்தரத்தில் மிதக்க வைத்த கருவி. அத்தனையும் செய்துவிட்டு, ஊர் அடங்கிய இரவில் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள். நகைக் கடைக்காரர் ஞாபகத்துக்கு வரவில்லையா?

அதிலிருந்துதான் புதிய கட்டிடங்களின் காலம் தொடங்கியது. பகலிலும் வேலை செய்ய வேண்டும்; பத்து மாணவர்கள் பத்துக் கருவிகளில் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நள்ளிரவை எங்கிருந்து கொண்டுவருவது? கட்டிடத்தையே நள்ளிரவாக ஆக்க வேண்டும்.

அதை எப்படி வரைகிறார்கள்? முதலில் அமைதிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் உங்கார், கார்டன் என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் தரையின் நடுக்கத்துக்கு ஐந்து படிகள் வகுத்தார்கள். ஐந்தாவது படி மிகக் கடுமையானது. அதன்படி தரை ஆடும் வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் ஒரு பொருள் நகர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் போகும். நத்தை அதைப் பார்த்துச் சிரிக்கும். மனிதனின் பாதத்துக்குத் தெரிகிற நடுக்கம் இதைப் போலப் பல மடங்கு. சுருக்கமாகச் சொன்னால், நாம் 'அசையவே இல்லை' என்று சத்தியம் செய்கிற தரையில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும்.

ஆகையால், மனை பார்க்கும்போதே தரையின் நடுக்கத்தை அளக்கிறார்கள். கருவி அறைகளைக் கீழே, மண்ணோடு மண்ணாக வைக்கிறார்கள். விசிறி, பம்பு, மின்மாற்றி ஆகியவற்றை முடிந்தவரை தூரத்தில், கட்டிடத்தின் மறுகோடியில் வைக்கிறார்கள். லிஃப்டுக்கும் அதே தண்டனை. அது ஏறி இறங்கும் ஓர் இரும்பு மலை. அது நகர்ந்தால் காந்த மண்டலமும் நகரும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கதிர் வழி தவறும். வெளியே ஒரு கார் வந்து நின்றாலும் இதே தொல்லை. சில இடங்களில் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி நார்க் கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். கோட்டிங்கனில் காஸ் அடித்த செம்பு ஆணியின் பேரப்பிள்ளை அந்தக் கம்பி!

ருஷ்லிகோனிலேயே 2011-ல் ஐ.பி.எம். கம்பெனியும் ஜூரிக் தொழில் நுட்பச் சர்வகலாசாலையும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தன. பின்னிக், ரோரர் இருவர் பெயரையும் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதன் நிலவறையில் ஆறு நிசப்த அறைகள். ஒவ்வொன்றிலும் 30 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள கான்கிரீட் கட்டி, காற்று வில்களின்மேல் மிதக்கிறது. வெளிக் காந்தம் நுழையாமல் தடுக்கச் சுவரிலே நிக்கல் கலந்த இரும்புத் தகடு. அதையும் மீறி வருவதை எதிர்த்து ரத்துச் செய்ய மின்சுருள்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஆராய்ச்சியாளருக்கு அந்த அறையில் இடமில்லை! அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு கருவியை இயக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன்கூட நூறு வாட் விளக்கு எரிவது போல வெப்பம் விடுகிறான், நடக்கிறான், இருமுகிறான். வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவனுக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. ஒரே கட்டிடத்துக்குள்ளே மாமியாரும் மருமகளும் போல இரண்டு துறைகள் குடியிருக்க வேண்டியிருக்கிறது. நுண்ணிய பொருளைப் பார்ப்பவர்களுக்கு நிசப்தம் வேண்டும். அதைச் செய்பவர்களுக்கோ தூசி இல்லாத அறை வேண்டும். தூசி போக வேண்டுமானால் இரவும் பகலும் காற்றை வடிகட்டித் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய பெரிய விசிறிகள். விசிறி என்றால் அதிர்ச்சி. செய்தவர் உடனே பார்க்க வேண்டும். பார்த்தவர் உடனே திருத்திச் செய்ய வேண்டும். ஆகவே இருவரையும் பிரித்துத் தனிக் குடித்தனம் வைக்கவும் முடியாது. கட்டிடக் கலைஞரின் தலைவலியில் பாதி இந்தச் சம்சாரத்தைச் சமாளிப்பதுதான்.

மற்றப் பாதி, ஊரைச் சமாளிப்பது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் சர்வகலாசாலை இருக்கிறது. நகரத்தார் சுரங்க ரயில் போடத் திட்டமிட்டார்கள். பாதை சர்வகலாசாலை வழியே போக வேண்டியிருந்தது. பம்பாய் டிராம் கதையின் மறுபதிப்பு! ஆனால் இங்கே யாரும் அலிபாகுக்குப் போகவில்லை. மாணவர்களுக்கு ரயில் வேண்டும். ஆராய்ச்சிக்கு அமைதியும் வேண்டும். உட்கார்ந்து பேசினார்கள். 2007-ல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எந்தக் கட்டிடத்தில் எவ்வளவு அதிர்ச்சி, எவ்வளவு காந்தக் குழப்பம் வரை பொறுக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். தண்டவாளத்தை ரப்பர் மெத்தைமேல் மிதக்கும் கான்கிரீட் பலகையில் பதித்தார்கள். 2016-ல் சர்வகலாசாலை நிலையம் வரை ரயில் வந்தது. 2021-ல் வளாகத்தின் அடியிலேயே புகுந்து வடக்கே சென்றது. மைக்கெல்ஸன் கல்லை மிதக்க வைத்தார்; இவர்கள் ரயில் பாதையையே மிதக்க வைத்தார்கள்.

எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற சர்வகலாசாலை 2018-ல் திறந்த நானோ கட்டிடம் இன்னொரு உதாரணம். 40 கோடி டாலர் செலவு. ஊருக்கு வெளியே மலிவான மனையில் கட்டியிருக்கலாம், அமைதிக்கும் குறைவிராது. அவர்களோ பழைய கட்டிடம் ஒன்றை இடித்துவிட்டு, வளாகத்தின் நட்ட நடுவில், தங்கள் பெரிய கோபுரக் கூரைக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். நிலவறையில் நுண்ணோக்கிகள், மேலே தூசியில்லா அறைகள், வழியில் போகிறவர்கள் பார்க்கும்படி கண்ணாடிச் சுவர்.

இத்தனை பிடிவாதம் எதற்கு? யோசித்துப் பார்த்தால் நியாயம் தெரிகிறது. அலிபாகின் ஊசிக்குத் துணை தேவையில்லை. அதைப் பார்த்துக் குறிக்கச் சிலர் இருந்தால் போதும். ஆனால் சர்வகலாசாலை என்பது ஊசி மட்டும் அல்ல. வேறொரு வகுப்புக்குப் போகிற பையன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, 'இது என்ன?' என்று கேட்கிற இடம் அது. வைத்திய சாஸ்திரக்காரர் ஒரு துளி ரத்தத்தை எடுத்துக்கொண்டு பௌதிகக்காரரிடம் நடந்தே போகிற இடம். முப்பது மைல் தள்ளி வைத்தால் அமைதி கிடைக்கும். அந்தப் பையன் கிடைக்க மாட்டான். அமைதியை ஒதுங்கிப் போய்ச் சம்பாதிப்பது சுலபம். சந்தடிக்கு நடுவிலே சம்பாதிப்பதற்குத்தான் செலவு அதிகம், பொறுமையும் அதிகம். வானப்பிரஸ்தத்தைக் காட்டிலும் கிருகஸ்தாசிரமம் கடினம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடம் இப்போது இல்லை. சூரியனை ஆராய்கிறவர்கள் 1899-ல் கோடைக்கானலுக்குப் போய்விட்டார்கள். பழைய கட்டிடம் அழிந்தது. அதைச் சுற்றி இருந்த தோட்டமும் துரவும் மறைந்து, பஸ்ஸும் காரும் இடைவிடாமல் ஓடுகிற பட்டணம் வந்துவிட்டது. கருவிக்கென்று நட்ட கல் தூண் மட்டும் நிற்கிறது. மனிதனுக்காகக் கட்டியது போய்விட்டது. உண்மைக்காக ஊன்றியது இருக்கிறது. அடுத்த முறை கல்லூரிச் சாலை வழியாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். பத்து டன் கனத்தோடு அது இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறது.